கட்டிலருகே நிற்பவருக்கு யார் கற்றுக்கொடுப்பது?

பக்கவாதம் வந்து பத்துப் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில், எந்த ஊரானாலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஆங்கிலத்தில் அச்சிட்ட நாலைந்து தாள், ஒரு பை நிறைய மாத்திரை, மூக்கில் ஒரு குழாய், பக்கத்தில் சிறுநீர்ப் பை. "இனிமே இங்க வச்சிருந்து செய்யறதுக்கு ஒண்ணுமில்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்குங்க" என்கிறார் டாக்டர். மனைவியோ மகளோ மருமகளோ தலையை ஆட்டுகிறார். ஆம்புலன்ஸ் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிய பிறகுதான் கேள்விகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. குழாயில் கஞ்சியை எவ்வளவு கெட்டியாக ஊற்றலாம்? படுத்தபடியே ஊற்றலாமா? விழுந்துபோன கையைப் பிடித்துத் தூக்கினால் தோள் கழன்றுவிடுமா? முதுகுக்குக் கீழே சிவந்திருக்கிறதே, எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடலாமா? இந்தச் சிறுநீர்ப் பையை எங்கே மாட்டுவது?

எல்லாவற்றுக்கும் விடை உண்டு. ஒரு மதியப் பொழுதில் செய்துகாட்டிக் கற்றுக்கொடுத்துவிடக்கூடிய விடைகள். கற்றுக்கொடுக்காமல் விட்டதால் வருபவைதான் பெரிய துன்பங்கள்: படுக்கைப் புண், உணவு புரையேறி நுரையீரலுக்குள் இறங்குவதால் வரும் நிமோனியா, சிறுநீர்த் தொற்று, மடங்கி இறுகிப்போன விரல்கள். பக்கவாதத்தில் பிழைத்து வந்த மனிதர் இவற்றில் ஏதோ ஒன்றால் சில மாதங்களில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிறார். சிலர் போகாமலே இறந்துவிடுகிறார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிறார்கள். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. பெரும்பாலான படுக்கைப் புண்கள் தடுக்கக்கூடியவை. மருத்துவமனைகள் பெருகிய வேகத்தில் நம்மிடம் வீட்டுச் செவிலியம் வளரவில்லை என்பதுதான் உண்மை.

அது வளர்ந்தாக வேண்டிய காலம் வந்துவிட்டது. 2021-க்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபது வயதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். இந்தியச் சராசரி 10.1. கேரளத்தில் 16.5. 2031-ல் நம் கணக்கு 18-ஐத் தாண்டும் என்கிறது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. பிள்ளைகள் ஒன்று அல்லது இரண்டு. அவர்களும் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் நாலைந்து பெண்கள் முறைவைத்துச் செய்த வேலையை, இன்று அறுபத்தைந்து வயது மனைவி எழுபது வயதுக் கணவருக்குத் தனியாளாகச் செய்கிறார். அவருக்கே முட்டி வலி, சர்க்கரை, கண்ணில் புரை.

வாசலுக்கு வந்த மருந்து

தமிழ்நாடு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதற்கு அழுத்தமான காரணம் ஒன்று இருந்தது. 2020-ல் மாநிலம் முழுக்க நடந்த தொற்றா நோய் ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 10.8 பேர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்தான். ஆனால் அதை வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். பஸ் ஏற வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். இலவச மாத்திரைக்கு ஏழைகள் கொடுத்த விலை அது.

திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சுகாதாரத் தன்னார்வலர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். பி.பி. மெஷினும் குளுக்கோமீட்டரும் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதிக்கிறார்கள். ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2024-ல் தொற்றா நோய்த் தடுப்புக்காக ஐ.நா. பல்துறைப் பணிக்குழுவின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

விருதும் செய்தியும் மாத்திரையைப் பற்றியே அதிகம் பேசின. அதே திட்டத்தில் இன்னும் மூன்று வேலைகள் உண்டு: படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சை, இயன்முறை சிகிச்சை, வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகள். ஒரு வட்டாரத்துக்கு ஒரு நோய் ஆதரவு நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு வண்டி. பெரிய முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தில் சராசரியாக முப்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஊராட்சியிலும் பல குக்கிராமங்கள். ஒரு நர்ஸ் எத்தனை வீட்டுக்குத்தான் போவார்? ஒரே வீட்டுக்கு மாதம் ஒருமுறை வந்தாலே பெரிய விஷயம். வந்தாலும் அரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் கட்டிலருகே நிற்பவர் வேறொருவர். அந்த அரை மணி நேரத்தில் நர்ஸ் தன் கையால் செய்யும் வேலையைவிட, அந்த இன்னொருவரின் கைக்கு மாற்றிக்கொடுக்கும் வேலைதான் நோயாளியின் நாளைத் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

கடிகாரம் பார்க்கத் தெரியாத வீட்டில்

வந்தவாசிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், அப்படி ஒரு நர்ஸுடன் ஒரு முற்பகல் இருந்தேன். தகரம் வேய்ந்த முன்கூடம். கயிற்றுக் கட்டிலில் எழுபதை நெருங்கும் ஒரு விவசாயி. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு இருக்கிறது, கொஞ்சம் குழறுகிறது. நர்ஸ் உள்ளே வந்ததும் பையைத் திறக்கவில்லை. முதலில் கட்டிலைப் பார்த்தார். கயிறு நடுவில் தொய்ந்து, உடம்பின் பாரமெல்லாம் இடுப்புக்குக் கீழே ஓரிடத்தில் இறங்கியிருந்தது. சிறுநீர்ப் பை அவர் வயிற்றுக்குப் பக்கத்தில் கட்டில் மேலேயே கிடந்தது.

"இது எப்பவும் கட்டிலுக்குக் கீழதாம்மா தொங்கணும். மேல வச்சீங்கன்னா பையில இருக்கறது திரும்ப உள்ள போயிடும். தரையிலயும் படக்கூடாது" என்றபடி ஒரு கயிற்றுத் துண்டை எடுத்துக் கட்டில் சட்டத்தில் முடிச்சுப் போட்டு மாட்டினார்.

திருப்பிப் படுக்கவைத்தபோது புண் தெரிந்தது. வால் எலும்புக்கு மேலே, எலுமிச்சை அளவு. சுற்றிலும் வெள்ளைப் பவுடர். "தண்ணியா வடியுது சிஸ்டர், காயட்டுமேன்னு பவுடர் போட்டேன். சைக்கிள் டியூபை வளையமா கட்டி அடியில வச்சேன். அப்பவும் பெருசாதான் ஆகுது" என்றார் மனைவி. அவர் குரலில் இருந்தது குற்றவுணர்வு. நர்ஸ் அதைத்தான் முதலில் இறக்கிவைத்தார். "நீங்க நல்லதுக்குத்தாம்மா செஞ்சீங்க. யாரும் சொல்லிக்கொடுக்கலியே." பிறகு காரணம் சொன்னார்: வளையம் சுற்றிலும் அழுத்துவதால் நடுவிலுள்ள தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்துபோகிறது, பவுடர் ஈரத்தோடு கட்டிபட்டுப் புண்ணுக்குள் உறைந்துவிடுகிறது.

புண்ணை உப்புநீரால் கழுவி டிரெஸ்ஸிங் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நோயாளியின் குதிகாலில் சிவந்திருந்த இடத்தைக் காட்டி, மனைவியின் விரலைப் பிடித்து அதன் மேல் அழுத்தவைத்தார் நர்ஸ். "விரலை எடுத்ததும் வெளுத்துப்போய்த் திரும்பச் சிவந்தா பயமில்ல. வெளுக்கவே மாட்டேங்குதுன்னா அங்கயும் புண்ணு ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். தேய்க்காதீங்க. பாரத்த மட்டும் எடுத்துடுங்க." பழைய நூல்சேலையை மடித்துக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்ததும் குதிகால் படுக்கையைத் தொடாமல் மேலே நின்றது. அந்த அம்மா தானே அதை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ திருப்பிப் போடணும்" என்றபோது சிக்கல் வந்தது. "எனக்குக் கடியாரம் பாக்கத் தெரியாதே சிஸ்டர்." நர்ஸ் ஊரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். பால்காரர் எப்போது வருவார், டவுன் பஸ் எத்தனை முறை வரும், பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும், ராத்திரி மோட்டாருக்கு மும்முனை கரண்ட் எப்போது வரும். பால் வரும்போது இடப்பக்கம், முதல் பஸ் வரும்போது வலப்பக்கம், அடுத்த பஸ்ஸுக்கு மறுபடி இடப்பக்கம் என்று அந்த ஊரின் ஓசைகளை வைத்தே ஒரு நாளுக்கான முறை போட்டுக்கொண்டார்கள். ராத்திரி கரண்ட் வந்து மகன் மோட்டார் போட எழும்போது அவர் ஒருமுறை திருப்ப வேண்டும். மகன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்களும் வந்து ஒருதடவ திருப்பிக் காட்டுங்க" என்று நர்ஸ் அவரையும் உள்ளே கூப்பிட்டார்.

கையளவு அறிவு

படுக்கைப் புண் ஏன் வருகிறது என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கும் சதையில் நுண் ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. நமக்கென்றால் வலிக்கும், தூக்கத்திலேயே புரண்டு படுப்போம். விழுந்துபோன உடம்பு புரளாது. சில சமயம் வலியும் தெரியாது. சில மணி நேரத்தில் தோலுக்கு அடியிலுள்ள சதை சாகத் தொடங்கும். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், தோள்பட்டை, பின்மண்டை, காது மடல் ஆகியவைதான் ஆபத்தான இடங்கள். தினமும் உடம்பு துடைக்கும்போது இவற்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அப்போது புறங்கையை வைத்துச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது நல்லது. நோயாளியை இழுத்து நகர்த்தக் கூடாது. அடியில் ஒரு வேட்டியை விரித்து அதன் இரு முனையைப் பிடித்து இருவராகத் தூக்கி நகர்த்தினால் தோல் உரசாது. ஏர் பெட் வாங்க முடிந்தால் வாங்கலாம். ஆனால் ஏர் பெட் வந்துவிட்டது என்று திருப்புவதை நிறுத்தும் வீடுகளில் புண் வருகிறது. கஞ்சியும் இளநீரும் மட்டுமே கொடுத்து வைத்திருக்கும் வீடுகளிலும் வருகிறது. தோல் வளர முட்டையும் பருப்பும் பயறும் வேண்டும்.

உணவு கொடுப்பதில் ஒரே ஒரு விதியாவது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: படுத்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றுக் கீழே இறங்கியிருக்கும்படி, சிறு சிறு கரண்டியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் இருமுகிறார் என்றால் அது சளி இருமல் என்று விட்டுவிடாமல், விழுங்குவதில் கோளாறா என்று நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்ட வேண்டும். மூக்குக் குழாய்க்கும் இதேதான். தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஊற்றிய பிறகும் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். வாயில் சாப்பிடாதவர் வாயைக் கழுவ வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அழுக்கேறிய வாயிலிருந்துதான் பல நிமோனியாக்கள் தொடங்குகின்றன.

விழுந்த கையையோ அந்தப் பக்கத்து அக்குளையோ பிடித்துத் தூக்கி உட்காரவைப்பது நம் வீடுகளில் எல்லோரும் செய்வது. தசை பிடிப்பு இழந்த தோள் அதில் இறங்கிவிடும், அந்த வலி வருடக்கணக்கில் நிற்கும். படுத்திருக்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கைக்கு அடியில் ஒரு தலையணை இருக்க வேண்டும்.

கட்டிலுக்கு முன்னால்

இத்தனை பாடுபட்டுப் பார்த்துக்கொள்ளும் பக்கவாதங்களில் பெரும்பகுதி வராமலே தடுத்திருக்கக்கூடியவை. அதனால்தான் நோய்த் தடுப்பையும் வீட்டுச் செவிலியத்தையும் இரண்டு துறையாகப் பிரித்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே பெண் ஒரே தெருவில் செய்யும் வேலை இது. எதிர்வீட்டில் படுத்துக் கிடப்பவரைக் காட்டி, இந்த வீட்டுக்காரரிடம் மாத்திரை போடச் சொல்ல அவரால் முடியும்.

மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "தலைசுத்தல், மயக்கம் ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு?" உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல்தான் இருக்கும், பக்கவாதம் வரும் நாள்வரை. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் சாப்பிடுவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் இதையெல்லாம் ஒரே நாளில் யாரும் விடப்போவதில்லை. இரண்டு வேளை சாப்பாட்டில் ஒரு வேளைக்காவது ஊறுகாய் வேண்டாம் என்று ஒரு தன்னார்வலர் சொல்வது, 'உப்பைக் குறையுங்கள்' என்று சுவரில் ஒட்டிய நோட்டீஸைவிட அதிகம் வேலை செய்யும் என்று நம்புகிறேன். அவருக்கு அந்த வீட்டின் ஊறுகாய் ஜாடி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராமல் போனால், பேச்சு திடீரெனக் குழறினால், மாத்திரை தேடவோ பச்சிலை கட்டவோ நேரமில்லை. 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். ரத்தக் கட்டியால் வந்த பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். ஊரெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது.

சர்க்கரை உள்ளவர்கள் இரவில் படுக்கும் முன் உள்ளங்காலைப் பார்ப்பது, வீட்டுக்குள்ளும் மென்மையான ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு போடுவது, வயதானவர் இருக்கும் வீட்டுக் குளியலறையில் ஒரு கைப்பிடி அடிப்பது, ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியவிடுவது. சில நூறு ரூபாய் வேலைகள். ஒரு கால் வெட்டுப்படாமல், ஓர் இடுப்பெலும்பு உடையாமல் இருக்க இவை போதுமானதாக இருந்த வீடுகள் பல உண்டு.

வலிக்கு மருந்து உண்டு

வீட்டுச் செவிலியத்தைப் பற்றிப் பேசும்போது கேரளத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர்களான எம்.ஆர்.ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலி தணிப்புக்கான ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். குணப்படுத்த முடியாது என்று கைவிடப்பட்ட புற்றுநோயாளிகளின் வலிக்கு வாய்வழி மார்ஃபின் கொடுத்தார்கள். ஆனால் நோயாளிகளால் கிளினிக்குக்கு வர முடியவில்லை. அதனால் வேலை வீடுகளை நோக்கி நகர்ந்தது. அங்கே போனால் வலியோடு பசியும், பிள்ளைகளின் நின்றுபோன படிப்பும் கண்ணில் பட்டன. 1990-களின் இறுதியில் மலப்புறம் மாவட்டத்தில் ஊர் மக்களே இதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், வீட்டுப் பெண்கள் என்று பலர் வாரம் சில மணி நேரம் ஒதுக்கினார்கள். அவர்களுக்குப் பதினாறு மணி நேர வகுப்பும் நர்ஸுடன் வீடுகளுக்குப் போகும் செய்முறைப் பயிற்சியும் தரப்பட்டன. செலவுக்குப் பெரும்பாலும் சின்னச் சின்ன நன்கொடைகள். 2008-ல் கேரள அரசு நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. இன்று அங்கே உள்ளாட்சிகள் தோறும் படுக்கையில் இருப்பவர்களின் வீடு தேடிப் போகும் சமுதாய நர்ஸ் இருக்கிறார்.

கேரளத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அக்கம்பக்கத்தாரை. நம் திட்டம் அரசு ஊழியரையும் தன்னார்வலரையும் வாசலுக்கு அனுப்புகிறது. அங்கே பக்கத்து வீட்டுக்காரரும் உள்ளே வந்தார். கட்டிலருகே இருப்பவருக்கு வாரத்தில் ஒரு மாலை வெளியே போய்வர நேரம் கிடைத்தது.

மார்ஃபின் கதை இன்னும் முடியவில்லை. உலகத்துக்கே சட்டப்படி அபினி பயிரிட்டுக் கொடுக்கும் நாடு இந்தியா. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையால் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபின் வைத்திருக்கவே அஞ்சின. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் மருத்துவப் பயன்பாடு அடிமட்டத்துக்குச் சரிந்தது. அந்த ஆண்டுகளில் புற்றுநோயில் இறந்த நம் அத்தைகளும் பெரியப்பாக்களும் கதறிக் கதறி இறந்ததற்கு நோய் மட்டும் காரணமில்லை. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பது எளிதாகியிருக்கிறது. ஆனால் பயம் போகவில்லை. "பழக்கமாயிடும்" என்று உறவினர் தடுக்கிறார்கள்; சில டாக்டர்களும் தயங்குகிறார்கள். புற்றுநோய் வலிக்குச் சரியான அளவில், கண்காணிப்போடு கொடுக்கும்போது அடிமையாவது அரிது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தைக் கூடவே கொடுக்க வேண்டும். வலியில்லாமல் இருப்பதைக் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது. வலியோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது?

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 சதவீதம் பேர் குடும்பத்தாரைப் பராமரிக்கும் வேலையில் நாள்தோறும் ஈடுபடுவது தெரிந்தது. ஆண்களில் 21.4 சதவீதம். செலவிடும் நேரம் பெண்களுக்கு 140 நிமிடம், ஆண்களுக்கு 74. குழந்தைகளைப் பார்ப்பதும் இதில் அடக்கம். ஆனால் அறுபது வயதுக்கு மேற்பட்ட மனைவிமார் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். நோயாளியின் கட்டிலருகே அதிகம் நிற்பவர்கள் அவர்கள்தான்.

கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்ற பெயரில், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. சிறிய தொகைதான். ஆனாலும், பார்த்துக்கொள்வது ஒரு வேலை என்று அரசு ஏட்டில் எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. முதுமையிலும் பக்கவாதத்திலும் படுத்தவர்களின் குடும்பங்கள் பலவற்றுக்கு, அதற்கு விண்ணப்பிக்க இடமிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும் என்பதே தெரியாது. இதை எடுத்துச் சொல்ல வேண்டியவரும் அந்தத் தன்னார்வலர்தான். வெயிலில் தெருத்தெருவாக நடக்கும் அவருக்குக் கிடைப்பது சம்பளமில்லை, ஊக்கத்தொகை. வேலை கூடிக்கொண்டே போகிறது. அவரை முழுநேர ஊழியராக்கிக் கூலியை உயர்த்துவது இந்தத் திட்டத்தின் அடுத்த கட்டமாக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஊர்ப் பெண்களால் எவ்வளவு முடியும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியே சாட்சி. அபய் பங், ராணி பங் தம்பதியர் பயிற்சி கொடுத்த கிராமப் பெண்கள் பச்சிளங் குழந்தைகளை வீட்டிலேயே கவனித்தார்கள். மூன்றாம் ஆண்டில், அத்தகைய கவனிப்பு இல்லாத கிராமங்களோடு ஒப்பிடுகையில் பச்சிளங் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைவாக இருந்தது. 1999-ல் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது. பிறந்த குழந்தைக்கு முடிந்தது, படுத்த பெரியவருக்கும் முடியும்.

காசு இருப்பவர்கள் ஏஜென்சி மூலம் ஆள் வைக்கிறார்கள். வருபவர்களை எல்லாம் ஹோம் நர்ஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர்களில் செவிலியம் படித்தவர்கள் சிலர். பெரும்பாலானோர் வேறு மாவட்டத்திலிருந்தோ மாநிலத்திலிருந்தோ வேலை தேடி வந்த, எந்தப் பயிற்சியும் பெறாத பெண்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபத்து நாலு மணி நேரமும் ஒருவரே இருக்க வேண்டும், தூங்கவும் கூடாது என்று எதிர்பார்ப்பது நாம்தான். ஊசி, குழாய், டிரெஸ்ஸிங் என்று வேலை இருந்தால், தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று ஏஜென்சியிடம் கேட்க வேண்டும். உடம்பு துடைக்க, ஊட்டிவிட, திருப்பிப் போட ஆள் போதும் என்றால், வருபவருக்கு முதல் நாளே ஒரு நர்ஸை வைத்துச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். ஓய்வு நேரத்தையும் வார விடுமுறையையும் பேசும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இன்னும் இரண்டு நர்ஸ்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே குடும்பத்தார் கேட்டு வாங்கக்கூடியவை சில உண்டு. வார்டு நர்ஸிடம், "நீங்க செய்யறத நாங்க ஒருதடவ செஞ்சு காட்டறோம், சரியான்னு பாருங்க" என்று சொல்லுங்கள். குழாயில் உணவு கொடுப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது ஆகிய மூன்றையாவது அங்கேயே செய்து பழகுங்கள். வீட்டில் கட்டிலருகே நிற்கப்போகிறவர் எவரோ அவர்தான் செய்து பழக வேண்டும். பில் கட்ட வந்த மகன் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனால் பயனில்லை. மகன்தான் நிற்கப்போகிறார் என்றால் ரொம்ப நல்லது. குழாயை எந்தத் தேதியில் மாற்ற வேண்டும், எது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், படுக்கையில் இருப்பவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று 'மக்களைத் தேடி மருத்துவம்' பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாளின் நகலைக் கையோடு எடுத்துப் போங்கள். உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரின் செல்போன் எண்ணையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 104-க்குப் பேசலாம். முதியோருக்கென்றே உள்ள உதவி எண் 14567. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. நர்ஸ் வரும் நாள் தெரிந்தால், அன்று வீட்டில் பார்த்துக்கொள்ளும் எல்லோரும், ராத்திரி முறைக்கு இருப்பவர் உட்பட, கட்டிலருகே இருங்கள்.